உள்ளே ஒரு ஆள், வெளியே ஒரு ஆள்

ஞாயிற்றுக்கிழமை காலை, வாயில் பற்பசை நுரை வடிய, புரூஃப் ரீடர் சபதம் செய்தார்.

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அந்தக் காருக்கு முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் மாட்டறேன். தனி ஆளா மாட்டறேன். யாரையாவது உதவிக்குக் கூப்பிட்டேன்னா என் பேரையே மாத்திடு."

"உங்க பேரை மாத்தி எனக்கு என்னங்க ஆகப் போகுது?" என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே. "காரை மாத்துங்க. இடத்தை மாத்துங்க."

அவர் பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்துகிறவர். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே வயிறு வளர்ப்பவருக்குத் தன் தப்பு என்று ஒன்று இருக்கும் என்பதே தெரியாது. அந்தக் காரை வாங்கியது உட்பட. உருண்டை விளக்கும் கொழுத்த மட்காடுமாக அது எங்கோ ஒரு ஓரத்தில் நின்றதைப் பார்த்து, அங்கேயே மனதைப் பறிகொடுத்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டு ஷெட்டில் நிறுத்தினார். அது வந்த நாள் முதல் ஓடவில்லை. முன்னும் பின்னும் கண்ணாடி கிடையாது. எஞ்சினுக்கு மூச்சு கிடையாது. வர்ணம் மட்டும் பளபளவென்று இருந்தது, ஏனென்றால் அதற்கு மட்டும்தான் அவருக்கு வழி தெரிந்திருந்தது.

மனைவி தையல்காரி. பள்ளிச் சீருடைதான் முக்கியமான வேலை. தையல் மெஷின்கள் கூடத்தில், வெட்டின துணி சாப்பாட்டு மேஜையில், காலர்கள் நாற்காலி முதுகில். வீட்டுக்கு வருகிற விருந்தாளி உட்கார வேண்டுமானால் யாரோ ஒரு பிள்ளையின் டவுசரை நகர்த்தித்தான் உட்கார வேண்டும். ஷெட்டோ விசாலம். வெளிச்சம் அள்ளிக்கொண்டு வரும். அவள் அதன் பக்கம் பார்க்கும்போதெல்லாம் புரூஃப் ரீடர் பேச்சை மாற்றுவார்.

"சரி, பந்தயம் வச்சுக்கலாம்" என்றாள் அவள். "யாரையும் கூப்பிடாம ரெண்டையும் மாட்டிட்டீங்கன்னா, காரை விக்கற பேச்சை நான் இந்த ஜென்மத்துல எடுக்க மாட்டேன். கூப்பிட்டீங்கன்னா நாளைக்கே பழைய இரும்புக்காரர் வந்து அள்ளிட்டுப் போவார்."

"சம்மதம்!"

இவ்வளவு சுளுவாக விட்டுக்கொடுக்கிறவள் இல்லையே என்று அவருக்கு ஒரு நொடி உறுத்தத்தான் செய்தது. வாயைக் கொப்பளித்ததில் அதுவும் சேர்ந்து போய்விட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் சாட்சியாக வந்து சேர்ந்தார். தெருவில் நடப்பதை நடந்து முடிவதற்குள் அறிவித்துவிடுவதால் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர்.

"தனியாவா? இது ரெண்டு ஆள் வேலையாச்சே" என்றார் ரேடியோ. "வெளியே ஒருத்தன் அமுக்கணும், உள்ளே ஒருத்தன் கயிறு இழுக்கணும். ஒர்க்‌ஷாப்ல பாத்திருக்கேன்."

"நானும் பாத்திருக்கேன். வீடியோல. திருப்பித் திருப்பி."

"யார் பண்ணினாங்க அதுல?"

"ரெண்டு பேர்" என்று முணுமுணுத்துவிட்டு அவர் வேலையில் இறங்கினார்.

வேலை இதுதான். கண்ணாடியைச் சுற்றி பீடிங் என்கிற ரப்பர் பட்டையை மாட்ட வேண்டும். பீடிங்கின் உள் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி, அதன் இரண்டு நுனியையும் காருக்குள் தொங்கவிட வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவிக் கண்ணாடியை வெளியிலிருந்து திறப்பில் வைத்து அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றை இழுக்க இழுக்க, ரப்பரின் உதடு தகர விளிம்பின் மேல் ஏறி உட்காரும். சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது.

முதலில் பின் கண்ணாடி. வெளியே அமுக்க ஆள் இல்லாத குறைக்குக் கட்டிலிலிருந்து மெத்தையைத் தூக்கி வந்து கண்ணாடி மேல் சாத்தி, மெத்தைக்கு ஏணியை முட்டுக்கொடுத்தார்.

"ராத்திரி எங்கங்க படுக்கறது?" என்றாள் மனைவி.

"வெற்றியில படுக்கலாம்!"

காரின் முன் திறப்பு வழியாக உள்ளே குதித்துக் கயிற்றை இழுத்தார். ரொம்ப நாளாகவே அவருக்கு அதுதான் வாசல். கயிறு சுலபமாக வந்தது. சந்தேகப்படும் அளவுக்குச் சுலபமாக, முழுசாகக் கையோடு வந்துவிட்டது. கண்ணாடி இருந்த இடத்திலேயே இருந்தது. பீடிங்கைத் தலைகீழாக மாட்டியிருந்தார்.

"அச்சுப் பிழையோ?" என்று விசாரித்தார் ரேடியோ.

 புரூஃப் ரீடர் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பிரித்தார். திருப்பி மாட்டினார். மனைவியின் ஷாம்பு பாட்டிலை மொத்தமாகக் கவிழ்த்தார். மறுபடி மெத்தை, மறுபடி ஏணி, மறுபடி குதி. கயிறு இந்தத் தடவை முரண்டு பிடித்தது. விரல் சிவந்தது. இழுத்தார். 'பொளக்' என்று ஒரு சத்தம். கீழ் விளிம்பு ஏறிவிட்டது. அப்புறம் பக்கவாட்டு, அப்புறம் மேல். பின் கண்ணாடி உட்கார்ந்துவிட்டது. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், கண் கலங்கினார்.

அடுத்தது முன் கண்ணாடி. இப்போது முன் திறப்பை அடைக்கப் போவதால் கதவு வழியாக உள்ளே போனார். கதவு பாதி திறந்தபடியே நின்றது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, தூசி உள்ளே போகுதே. கதவைச் சாத்தட்டுமா?"

"சாத்து, சாத்து! பேச்சுக் குடுக்காதே!"

அவள் சாத்தினாள். மெதுவாக, பதவிசாக, 'டக்' என்று.

அவர் இழுத்தார். மெத்தை அமுக்கியது, ஏணி முட்டியது, ரப்பர் முனகியது. கடைசி மூலையில் கயிறு விடுபட்டபோது புரூஃப் ரீடர் போட்ட கூச்சலில் ரேடியோவே காதைப் பொத்திக்கொண்டார். பிறகு செய்தி சொல்லத் தெருவுக்கு ஓடினார். மனைவி ஏணியையும் மெத்தையையும் விலக்கினாள். கண்ணாடி வழியாக உலகம் அவ்வளவு சுத்தமாகத் தெரிந்தது.

வெளியே வரலாம் என்று கதவுப் பக்கம் கையை நீட்டினார். கையில் ஒரு ஓட்டை தட்டுப்பட்டது.

உள்பக்கக் கைப்பிடி இல்லை. எந்தக் கதவிலும் இல்லை. துருப் போகட்டும் என்று எல்லாவற்றையும் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டவர் அவரேதான். ஏற்றிவிட்டிருந்த ஜன்னல்களை இறக்கும் கைப்பிடிகளும் அதே டப்பாவில் ஊறிக்கொண்டிருந்தன. கதவை இனி வெளியிலிருந்துதான் திறக்க முடியும். உதவி கேட்டால் கார் போயிற்று. காலால் உதைத்தால் கண்ணாடி ரப்பரோடு வெளியே விழும், பந்தயமும் கூடவே விழும்.

மனைவி ஒரு ஸ்டூலை எடுத்து வந்து எதிரே போட்டு, ஒரு பாவாடைக்கு ஓரம் அடிக்க உட்கார்ந்தாள்.

"வெளியே வரலையா? டீ ஆறுது."

"வரேன், வரேன். கொஞ்ச நேரம் ரசிச்சுட்டு வரேன்."

"ரசிங்க."

கொஞ்ச நேரம் ரசித்தார். வியர்த்துக் கொட்டியது.

"இந்தா, அந்தக் கதவு சரியா மூடலைபோல இருக்கே. திறந்து மூடினா நல்லது."

"நல்லாத்தாங்க மூடியிருக்கு."

"உள்ளே வந்து பாரேன், கண்ணாடி எப்படி இருக்குன்னு."

"இங்கேருந்தே ஜம்முன்னு தெரியுது."

"நான் என்ன சொல்றேன்னா…"

"கேக்கலைங்க! அவ்வளவு நல்லா மாட்டியிருக்கீங்க, சத்தமே வெளியே வரலை!"

ரேடியோ திரும்பி வந்தார். புரூஃப் ரீடர் கண்ணைக் காட்டினார், புருவத்தைக் காட்டினார், கதவை நோக்கித் தாடையைக் காட்டினார்.

"உள்ளே என்ன பண்றார்?" என்றார் ரேடியோ.

"சந்தோஷப்படறார்" என்றாள் மனைவி.

ரேடியோ கையை ஆட்டி வாழ்த்திவிட்டு மறுபடி ஒலிபரப்பப் போய்விட்டார்.

தகரக் கூரை காய்ந்தது. சட்டையைக் கழற்றினார். மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது, அதைச் சட்டையாலேயே துடைத்தார். இரும்புக்காரரின் லாரியில் இந்த உருண்டை விளக்குகள் குலுங்கிக்கொண்டு போவது கண் முன்னால் வந்தபோது ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். ஓடாவிட்டால் என்ன, அவருக்கு அந்தக் காரின் மேல் அப்படி ஒரு பாசம். கூப்பிட மாட்டேன், வெந்து குழைந்தாலும் கூப்பிட மாட்டேன் என்று கைகளைக் கட்டிக்கொண்டு, ஓட்டுநர் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மனைவி பாவாடையை மடித்து வைத்தாள். எழுந்து போய்த் தோட்டத்து ஹோஸைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முன் கண்ணாடி மேல் தண்ணீரைப் பீய்ச்சினாள். சுற்றி வந்து பின் கண்ணாடியிலும் பீய்ச்சினாள். மூலை மூலையாக, ரப்பர் ஓரமாக, நின்று நிதானமாக. பிறகு ஹோஸைக் கீழே போட்டுவிட்டு வந்து கதவைத் திறந்தாள்.

புரூஃப் ரீடர் பாய்ந்து வெளியே வந்தார்.

"நான் கூப்பிடலை! நீயாத்தான் திறந்தே! நான் ஜெயிச்சுட்டேன்!"

"ஆமாங்க, நீங்கதான் ஜெயிச்சீங்க."

"ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே வந்துதா? பாத்தியா?"

"பாத்தேன். ஒரு சொட்டு வரலை. கெட்டிக்காரர்தான்."

இப்படி ஒரு வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! வியர்வை, வெக்கை எல்லாம் மறந்துபோய் அவர் ஈரச் சட்டையைக் கொடி மாதிரி தூக்கி ஆட்டினார்.

"அப்போ கார் போகாதுல்ல?"

"எங்கேயும் போகாது. நம்ம வாசல்லயே, மரத்தடியில நிக்கட்டும். எவ்வளவு மழை பெஞ்சாலும் இனி உள்ளே போகாது."

ஆட்டிய சட்டை நின்றது.

"வாசல்லயா? அப்போ ஷெட்டு?"

"ஷெட்டைப் பத்திப் பந்தயத்துல பேச்சே வரலையே. நாளைக்குக் காலையில மெஷினையெல்லாம் இங்கே மாத்திடலாம்னு இருக்கேன்." அவள் அவர் இறங்கிய இருக்கையில் ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்த்தாள்.

அவர் யோசித்தார். எந்த இடத்தில் தப்பு நடந்தது என்று பிடிபடவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

"நான் கூப்பிடவே இல்லையே. அப்புறம் எதுக்குக் கதவைத் திறந்தே?"

"நீங்க உள்ளேயே உக்காந்திருந்தா, வண்டியை வெளியே யாருங்க தள்றது?"