அறிவித்தல் அங்கிளின் முடியாத புரோகிராம்

வெள்ளவத்தையில் அறிவித்தல் அங்கிளுக்குச் சொல்லாமல் ஒருவரும் செத்ததில்லை. டொக்டர் உதட்டைப் பிதுக்கியதும் வீட்டார் முதலில் தேடுவது ஐயரை அல்ல, இவரைத்தான். பேப்பருக்கு மரண அறிவித்தல் எழுதுவதில் மன்னர். கனடாவில் இருக்கும் மூத்த மருமகனிலிருந்து பிரான்சில் பிறந்து இன்னும் பெயர் வைக்காத பூட்டப்பிள்ளை வரை, முறை தவறாமல் வரிசையில் நிறுத்திவிடுவார். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் பயம். கேட்டால் அவர் பதிலுக்கு என் அப்பாவின் பெயரையும் அம்மாவின் ஊரையும் கேட்டு எங்காவது எழுதி வைத்துவிடுவார்.

இப்பேர்ப்பட்டவர் எழுபத்தொரு வயதில் பைதன் படிக்க வந்தார். பைதன் என்பது கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் ஒரு மொழி. பொழுதுபோக்காகப் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு, ஞாயிறு காலைகளில், எங்கள் ஒழுங்கை வாசிகசாலையில் அதை இலவசமாகச் சொல்லிக்கொடுத்துவந்தேன். மற்ற நாட்களில் ஒரு கம்பனியில் பிறர் எழுதிய புரோகிராம்களில் பிழை பிடிப்பது என் தொழில். ஒன்பது பேர் சேர்ந்தார்கள். மூன்றாம் கிழமை எட்டுப் பேரைக் காணவில்லை. காரணம் அறிவித்தல் அங்கிள்.

முதல் பாடத்தில் உலகத்துக்கு வணக்கம் சொல்லும் புரோகிராம் எழுதுவது வழக்கம். அங்கிளின் திரையில் "உலகத்தாருக்கு எமது ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று வந்தது. பக்கத்தில் இருந்த பேங்க் மெனேஜர் அன்றோடு நின்றுவிட்டார்.

"ஒரு ஆளுக்கு எக்ஸ் எண்டு பேர் வையுங்கோ அங்கிள், சும்மா உதாரணத்துக்கு."

"என்ன பிள்ளை கதைக்கிறீர்? தாய் தேப்பன் வைச்ச பேர் இருக்கேக்கை எக்ஸ் எண்டு கூப்பிடுறதோ?"

"சரி, பேருகளை அகரவரிசையிலை அடுக்குவம்."

"மருமகன் மகனுக்கு முன்னாலை போனால் செத்தவீட்டிலை அடிபாடு வரும். நீரோ வந்து விலக்குப் பிடிக்கிறது?"

பொறுமை போய், உலகெங்கும் இருந்து ஆட்கள் சும்மா உதவிசெய்யும் ஓர் இணையக் குழுவில் அவரைச் சேர்த்துவிட்டேன். அவர் தன் சந்தேகத்தோடு, உதாரணத்துக்கென்று, நாற்பத்துமூன்று சொந்தக்காரர் கொண்ட ஓர் அறிவித்தலை இங்கிலீஷில் போட்டார். புரோகிராமை ஒருவரும் பார்க்கவில்லை. பிரேசிலிலிருந்தும் போலந்திலிருந்தும் அனுதாபம் வந்து குவிந்தது. அங்கிள் ஒவ்வொருவருக்கும் நன்றி நவின்று, முப்பத்தோராம் நாள் கிரியையின் மதிய போசனத்துக்கு அழைப்பும் அனுப்பினார். போலந்துக்காரர் விசா பற்றி விசாரித்தார்.

எனக்குத் தலையை எங்காவது கொண்டுபோய் முட்டலாம் போலிருந்தது. "எதுக்கு அங்கிள் இந்தப் பாடு? கையாலை எழுதினால் உங்களுக்குப் பத்து நிமிச வேலை" என்றேன்.

"கையாலை எழுதித்தான் பிள்ளை பிழைச்சது" என்றார்.

ஒன்பது வருடங்களுக்கு முன் அவருடைய அம்மா காலமானார். ஊருக்கெல்லாம் எழுதியவர், தன் தாய்க்கும் தானே எழுதினார். மறுநாள் பேப்பரில் பார்த்தால், ஒரே தங்கையின் பெயர் இல்லை.

"அம்மான்ரை பேரை எழுதின உடனை எனக்குக் கண் தெரியேல்லை. என்னத்தை எழுதினன், ஆரை விட்டன் எண்டு தெரியாது."

தங்கை நம்பவில்லை. ஊரார் வீட்டுப் பூட்டப்பிள்ளையையே மறக்காத மனுசன் கூடப்பிறந்தவளை மறப்பானா? வேண்டுமென்றே விட்டதாக முடிவுகட்டிவிட்டார். இருப்பது தெஹிவளையில், பஸ் ஏறினால் பத்து நிமிடம். ஒன்பது வருடமாக அண்ணனோடு ஒரு சொல் பேசவில்லை.

"மெஷினுக்கு அழுகை வராது பிள்ளை. அது ஒருத்தரையும் விடாது. அம்மான்ரை அறிவித்தலை அதாலை திருப்பி எழுதி அவளிட்டைக் குடுக்க வேணும்."

இதைக் கேட்ட பிறகு அவர்மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த மூன்று மாதமும் இருவருமாக மாரடித்தோம். கடைசியில் அவருடைய குடும்பத்தை முழுதாக உள்ளே கொடுத்து ஓடவிட்டோம். புரோகிராம் ஓடியது, ஓடியது, நிற்கவேயில்லை. லெப்டொப்பில் தோசை சுடலாம் போலிருந்தது. பார்த்தால், அது அம்மாவிலிருந்து அம்மாவின் தம்பிக்குப் போகிறது, தம்பியின் மகனுக்குப் போகிறது, அந்த மகனின் மனைவிக்குப் போகிறது, அங்கிருந்து மறுபடியும் அம்மாவிடமே வருகிறது.

"அங்கிள், உங்கடை தங்கச்சி ஆரைக் கட்டினவ?"

"வேறை ஆரை? மாமான்ரை மகனைத்தான். நானும் மாமான்ரை மகளைத்தான் கட்டினனான். காணி வெளியிலை போகக் கூடாதெல்லோ."

பைதனைக் கண்டுபிடித்தவருக்கு எங்கள் ஆட்களின் கலியாணங்கள் தெரிந்திருக்க நியாயமில்லை. ஒருதரம் எழுதிய ஆளை மறுபடி எழுதாதே என்று ஒரு வரி சேர்த்தேன். புரோகிராம் நின்றது.

"ஒரு ஆள் ரெண்டு முறையிலை சொந்தமெண்டால்?" என்று அங்கிள் இழுத்தார்.

"அங்கிள், கும்பிட்டன். பேசாமல் இருங்கோ."

தெஹிவளைக்கு என்னையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். லிப்ட் இல்லாத மூன்றாம் மாடி. கதவைத் திறந்த தங்கை அண்ணனைப் பாராமல் காகிதத்தை வாங்கினார். 'பாசமிகு தாயாரும்' என்ற இடத்தில் தன் பெயரைக் கண்டதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கண் கீழே இறங்கியது. முகம் மாறியது.

"அண்ணா! என்ரை மனுசன் இந்த வீட்டு மருமகன் இல்லையோ? மாமான்ரை பிள்ளையளோடை கடைசியிலை நிக்கிறார்!"

எல்லாம் என் வரி பார்த்த வேலை. மாமாவின் மகன் என்று ஏற்கெனவே பதியப்பட்ட மனிதரை, மருமகனாக வர வேண்டிய இடத்தில் அது தாண்டிப் போய்விட்டது. ஒன்பது வருடக் காயத்தில் நான் உப்பைப் போட்டுவிட்டேன்.

"போங்கோ! சரியா எழுதிக்கொண்டு வாங்கோ!" என்று கதவை அடித்துச் சாத்தினார்.

நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்து லெப்டொப்பைத் திறந்தேன். இரண்டு நிமிட வேலை. அங்கிள் என் கையைப் பிடித்தார். முகமெல்லாம் கண்ணீர், ஆனால் வாய் சிரிக்கிறது.

"அண்ணா எண்டவள், கேட்டனீரே? எழுதிக்கொண்டு வரட்டாம். வாற ஞாயிறு வருவம். எல்லாத்தையும் ஒரேயடியாத் திருத்திப்போடாதையும் பிள்ளை. பிறகு நான் என்னத்தைச் சொல்லிக்கொண்டு இங்கை வாறது?"

ஏழெட்டு ஞாயிறு ஆகிவிட்டது. அண்ணன் கிழமைக்கொரு புதுப் பிரதியோடு போகிறார், தங்கை பிழை கண்டுபிடித்துத் திட்டி அனுப்புகிறார். போன கிழமை தேத்தண்ணி கொடுத்துவிட்டுத் திட்டினாராம். புரோகிராமில் இருந்த உண்மையான பிழைகள் எப்போதோ தீர்ந்துவிட்டன. கிழமை முழுதும் பிழை பிடித்துச் சம்பளம் வாங்குகிற நான், சனிக்கிழமைகளில் மட்டும் உட்கார்ந்து, அந்த மனுசனுக்காக ஒரு பிழையைப் பார்த்துப் பார்த்து வைக்கிறேன்.