ஏரியில் இறங்கிய சிமெண்டுப் பலகை

நார்சிமெண்டுப் பலகை நல்ல பலகை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் என்மேல் பாயக் கூடாது. சிமெண்ட், மணல், மரநார் எல்லாம் சேர்த்து அழுத்திச் செய்கிறார்கள். வீட்டின் வெளிச்சுவரில் அறைந்துவிட்டால் பனி உறைந்து, உருகி, மறுபடி உறைந்தாலும் அசையாது. உளுத்துப் போகாது, எரியாது. மேலே மரத்தின் ரேகையை அச்சு போட்டிருப்பார்கள். மினசோட்டாவின் வடகோடியில், கையுறை ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது. ஒரே குறை, கனம். சுவருக்கு அது குறையே இல்லை. சுவர் எங்கேயும் மிதக்கப் போவதில்லை.

ஊரின் தோற்றப் பாதுகாப்புக் குழு, 'வடநாட்டு மரவீட்டின் மாண்பைக் காக்கும் பொருட்டு' எல்லா வீடுகளும் இந்தப் பலகையையே உடுத்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தது. தலைவர் வெர்லின் ஸ்கோக்ஸ்டாட், ஓய்வுபெற்ற பல் டாக்டர். சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூட்டம். யாருக்கும் பிடிக்கவில்லை. எல்லோரும் கை தூக்கினார்கள். எங்கள் ஊரில் ஒருவர் முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்பது அவர் வீட்டு வாசலில் துப்புகிற மாதிரி.

பக்கத்து வீட்டு எய்லா கோஸ்கெலாவின் வீடு நிஜமான தேவதாரு மரம். அவர் விலக்கு கேட்டார். வெர்லின் மாதிரிப் பலகையைச் சுவரோடு சேர்த்து வைத்துப் பார்த்தார்.

"மரம் மாதிரி தெரியலையே எய்லா."

"மரம்தானே வெர்லின்."

"அது சரி. பார்க்கிறவங்களுக்குத் தெரியணுமில்ல? ரேகையே எழும்பி நிக்கலை. வழவழன்னு கெடக்கு."

"அப்படியும் இருக்கலாம்," என்றார் எய்லா. அந்த மாதமே மரத்தின் மேல் மரம் போன்ற சிமெண்டை அறைந்துகொண்டார். ஒரு மரங்கொத்தி மட்டும் காலை முழுக்கக் கொத்திப் பார்த்துவிட்டு, ஊரிலேயே எதிர்ப்புத் தெரிவித்த ஒரே ஜீவனாகக் கனடா பக்கம் பறந்து போனது.

இதோடு நின்றிருந்தால் நான் எழுதவே மாட்டேன். குளிர்காலம் வந்தது. ஏரி உறைந்ததும் ஊர்க்காரர்கள் மீன்குடில்களை ஐஸ்மேல் இழுத்துக்கொண்டு போய் வைப்பார்கள். ஓர் ஆள் கால் நீட்டி உட்காரும் அளவுக்குப் பெட்டி மாதிரி ஒரு கூடு. உள்ளே ஐஸில் ஓட்டை போட்டுத் தூண்டில் விட்டு, அடுப்பைப் பற்றவைத்து, யாரோடும் பேசாமல் இருக்கலாம். என் அப்பா ஆர்விட் வருஷம் முழுக்கக் காத்திருப்பது இதற்காகத்தான். அவர் குடில் பழைய கதவுகளாலும் தகரத்தாலும் ஆனது.

தெருவில் நின்று பார்த்தால் இந்தக் குடில்கள் தெரிகின்றன என்பதை வெர்லின் கண்டுபிடித்தார். தெருவிலிருந்து தெரிவதெல்லாம் தெருத் தோற்றம். ஆகவே குடில்களும் சிமெண்டுப் பலகை உடுத்த வேண்டும், கண்டபடி சிதறி நிற்காமல் ஒரே வரிசையில் ஒட்டி நிற்க வேண்டும், டிசம்பர் முதல் சனிக்கிழமை திறப்பு விழா. உடுத்தாத குடில் கரைக்கு இழுக்கப்படும்.

கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன். "வெர்லின் சார், இந்தப் பலகையை நீங்க ஒரு தடவையாவது தூக்கிப் பார்த்திருக்கீங்களா?"

"ஏம்மா இங்கா," என்றார் என் பெயரைச் சொல்லி, "தூக்கறதுக்கு ஆள் இருக்காங்களே."

"ஐஸ் இன்னும் ஒரு சாண் தடிமன்கூட ஆகலை. அத்தனை குடிலும் ஒரே இடத்துல நின்னா தாங்காது. உள்ள போயிடும்."

"பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்ட பொண்ணு நீ. ஐஸோட தடிமன் பத்திக் குழு விவாதிச்சாச்சு. சனிக்கிழமைக்குள்ள ஆயிடும்னு முடிவு."

"யார் முடிவு? ஐஸோடதா?"

அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். பின்னால் யாரோ, "சத்தமா பேசற பொண்ணு, பாவம்," என்றார்கள். எலுமிச்சை கேக் தட்டு என்னைத் தாண்டிப் போனது. கைகள் எழுந்தன.

வீட்டில் அப்பா பலகை அறுத்துக்கொண்டிருந்தார். மூக்கில் முகமூடி, புருவமெல்லாம் தூசி.

"அப்பா, இது மூழ்கிடும்."

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா அடிக்கிறீங்க?"

"எல்லாரும் அடிக்கிறாங்க. நான் மட்டும் மாட்டேன்னா வெர்லின் மனசு கஷ்டப்படுமில்ல."

"நீங்க தண்ணிக்குள்ள போனா?"

"அது எனக்கும் ஏரிக்கும் உள்ளது. வெர்லினை ஏன் இழுக்கணும்? அந்த ஆணியை எடு."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. எனக்கு இருப்பது இந்த ஓர் அப்பாதான். அவரை ஒரு பல் டாக்டரின் மனசுக்காக ஏரிக்குக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை. ஆணியை எடுத்துக் கொடுக்கவில்லை. அவரே குனிந்து எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை குடில்கள் வரிசையாக நின்றன. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஒவ்வொன்றின் வாசலிலும் அதன் சொந்தக்காரர். வெர்லினின் மாதிரிக் குடிலுக்குக் கூரையிலும் பலகை. அதன் முன்னால் நின்று அவர் பேச ஆரம்பித்தார். "முன்னோர் கண்ட மரத்தின் மாண்பு..." என்றபோது ஏரி ஒரு முறை முனகியது.

எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் வெர்லினையே பார்த்தார்கள்.

"நிலைத்து நிற்கும்..." என்றபோது ஐஸ் சடசடவென்று நீளமாகக் கீறியது. அப்பாவின் பூட்ஸைச் சுற்றித் தண்ணீர் ஏறியது.

"ஓடுங்க!" என்று கத்தினேன்.

"பேசி முடிக்கட்டும்மா," என்றார் அப்பா.

"கால் கொஞ்சம் ஈரமாகற மாதிரி இருக்கு," என்றார் எய்லா, யாரையும் குறிப்பிடாமல்.

"உங்களுக்குமா? எனக்கு மட்டும்தானோன்னு நெனச்சேன்," என்றார் அடுத்த குடில்காரர்.

நான் அப்பாவின் காலரைப் பிடித்து இழுத்தேன். அவர் முழங்கால்வரை தண்ணீரில் நின்றுகொண்டு, "மன்னிச்சுக்கோ வெர்லின், பொண்ணு கூப்பிடுது," என்று விடைபெற்றார். ஒருவர் கிளம்பிவிட்டால் மற்றவர்களும் கிளம்புவது மரியாதைக் குறைவல்ல. ஆகவே எல்லோரும் கிளம்பினார்கள். போகும்போது 'அப்ப வரட்டுமா' சொன்னார்கள், அடுத்தவர் வீட்டுப் பாட்டியின் உடம்பை விசாரித்தார்கள், வீட்டுக்கு அழைத்தார்கள். அப்பாவை மட்டும் நான் கரை வரும்வரை விடவில்லை.

கடைசி ஆள் கரையேறினதும் குடில்கள் இறங்கின. நிமிர்ந்து, வரிசை கலையாமல், அதிகாரிகள் லிஃப்டில் இறங்குவது மாதிரி.

"கவனிச்சீங்களா," என்றார் வெர்லின், இடுப்புவரை நனைந்து பல் தந்தியடிக்க. "ஒரு பலகைகூட கோணலை."

திங்கட்கிழமை விசாரணைக் கூட்டம். விபத்துக்குக் காரணம் ஐஸ் என்று முடிவானது. குழுவின் அட்டவணையை அது மதிக்கவில்லை. இனி குடில்களை மரத்தில் செய்துகொள்ளலாம். ஆனால் மரம் மரம் போலத் தெரியாதாகையால், மரம் போன்ற சிமெண்டுப் பலகை போலத் தெரியும்படி அதற்கு வர்ணம் பூச வேண்டும். கைகள் எழுந்தன.

அடுத்த தீர்மானத்தில் என் பெயர் வந்தது. எழுந்து நின்றேன், ஊரைவிட்டு அனுப்பப் போகிறார்கள் என்று. இல்லை. ஐஸ் எச்சரிக்கை அலுவலர் என்று புதுப் பதவி, கரையில் கணப்பு வைத்த கூண்டு, சம்பளம். கத்துவதில் எனக்கு முன் அனுபவம் உண்டாம். "ஆனா கத்தக் கூடாது," என்று வெர்லின் எச்சரிக்கை வாசகத்தைத் தந்தார்.

'பெருமதிப்பிற்குரிய மீன்பிடி அன்பர்களே, தங்கள் ஓய்வுக்கு இடையூறு செய்வதற்கு வருந்துகிறோம். தங்கள் காலடியில் உள்ள ஐஸ் தற்காலிகமாகத் தன் ஒத்துழைப்பை விலக்கிக்கொள்ளக்கூடும் என்று கருத இடமிருப்பதால், தங்களுக்கு வேறு அவசரப் பணி ஏதும் இல்லாத பட்சத்தில்...'

இப்படியே இரண்டாம் பக்கம் வரை போகிறது. 'கரை' என்ற சொல் அங்கேதான் வருகிறது.

வேலையை ஒப்புக்கொண்டேன். வேறு யாராவது உட்கார்ந்தால் அப்பாவை யார் இழுப்பது? வீட்டில் வாசித்துப் பழகினேன். அப்பா புதுக் குடிலுக்கான கதவுப் பலகையில் சிமெண்டு மாதிரி ரேகை வரைந்துகொண்டே, முழுசாகக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. கடைசில ஒரு நன்றி சேர்த்துக்கோ. இல்லைன்னா துரத்தற மாதிரி இருக்கும்."

சேர்த்துவிட்டேன்.