நடக்க விடாத ஹோல்ட்ராய்ட்

சொற்களைப் பேசிவிட்டுப் போகிறவர்கள் உண்டு; எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு; சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டு உதை வாங்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. எப்படியோ, எல்லோரும் போய்விடுகிறார்கள். போகாமல் நின்றுவிடுகிற இனம் ஒன்று இருக்கிறது. அதற்கு வேர்பிடுங்கி என்று பெயர் வைத்துக்கொள்வோம். கையில் ஒரு சொல் அகப்பட்டால் போதும், மண்ணோடு பிடுங்கி, அந்த மண் உங்கள் தட்டில் விழுகிறதே என்ற கவலை இல்லாமல் உங்கள் முகத்துக்கு நேரே உதறிக் காட்டுவார். சாப்பிடும்போது உப்பைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லிப் பாருங்களேன்! உப்பிலிருந்து 'சாலரி' பிறந்த கதையைச் சொல்ல ரோமாபுரிச் சிப்பாயின் சம்பளம் வரைக்கும் போய்விட்டு வருவார். உப்பு மட்டும் வராது.

யார்க்ஷயர் மேட்டு நிலத்தில் வாழ்ந்துவரும் டெஸ்மண்ட் ஹோல்ட்ராய்ட் இந்த இனத்தில் கலப்படமற்ற சரக்கு. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்தபின் வாரத்தில் ஆறு நாள் கெட்டிலுக்குத்தான் சொல்லாராய்ச்சி நடக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மனிதக் காதுகள். அதாவது, ஊர் நடைச் சங்கம்.

சங்கத்துக்கு இரண்டே விதிகள். கடைசியாக வருகிறவர் வேலிக் கதவைச் சாத்த வேண்டும், இல்லாவிட்டால் ஆடு போய்விடும். தலைவரை யாரும் முந்தக் கூடாது, முந்தினால் மானம் போய்விடும். யார்க்ஷயர்க்காரர்கள் மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள், திட்டுவார்கள், முணுமுணுப்பார்கள். ஆனால் விதியை மீறுவார்களா? இடி விழுந்தாலும் வரிசையில் நின்றுதான் விழவேண்டும்.

தலைவி மியூரியல் அம்மாள் வேலிப்படியில் சறுக்கி முட்டியைப் பெயர்த்துக்கொண்டதால் தலைமைக்கு அடையாளமான கைத்தடிக்கு ஆள் தேவைப்பட்டது. எந்தப் பாதையும் டெஸ்மண்டுக்கு அத்துபடி. அந்தத் தடிக்காக அவர் பல வருஷமாக ஏங்கிக் கிடந்தார். ஒரு ஞாயிறு வெள்ளோட்டம் பார்ப்பது, பிறகு 'கறுப்புக் கிடா' விடுதியில் சாப்பாட்டு மேஜையிலேயே கைதூக்கி முடிவு செய்வது என்று ஏற்பாடாயிற்று. அவர் செய்யவேண்டியதெல்லாம் ஒன்றுதான். விடுதிக்காரி கிளெண்டா அம்மாள் அடுப்பிலிருந்து இறக்கும், மாவும் முட்டையும் அடித்துச் சுட்ட யார்க்ஷயர் புட்டிங் உப்பிய நிலையில் இருக்கும்போதே ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அது காத்திருக்காது, தாமதித்தால் பொசுக்கென்று அமுங்கிவிடும்.

கிளம்பும்போதே வினிஃப்ரெட் அவரை ஓரமாக இழுத்தார். சங்கத்தில் டெஸ்மண்டுக்காகப் பரிந்து பேசுகிற ஒரே ஆத்மா அவர்தான்.

"இன்னிக்கு ஒரு நாள் வார்த்தை ஆராய்ச்சி வேணாம், கண்ணு. ப்ராமிஸ் பண்ணு."

"பண்றேன். ஆனா ப்ராமிஸ்ங்கிற வார்த்தை பாருங்க, லத்தீன்ல..."

"டெஸ்மண்ட்!"

"சரி, சரி."

பாவம், உண்மையாகவே வாயைக் கட்டிக்கொண்டுதான் நடந்தார். முதல் மேடு ஏறினார்கள். ஓடை தாண்டினார்கள். வேலிக் கதவு வந்தது. அப்போதுதான் ராய் வாக்கர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற பெரிய வயிற்றுக்காரர், சும்மா இருக்காமல் சொன்னார்:

"ஆகா, என்ன வெயில்! வாக்கிங் போக இதைவிட நல்ல நாள் வருமா?"

வந்தது வினை. டெஸ்மண்ட் கதவில் கையை வைத்தபடி நின்றார். வரிசையும் நின்றது.

"வாக்னா ஆதியில நடக்கிறதே இல்ல, தெரியுமா?"

"பின்ன பறக்கிறதா?" என்றார் ராய்.

"உருள்றது, புரள்றது! கடல் அலை புரளுமே, அதுக்குச் சொன்ன வார்த்தை. அப்புறம்தான் காலுக்கு இறங்கி வந்துச்சு. அதுவும் ஒரு எண்ணூறு வருஷமாத்தான். நாயைக் கூட்டிட்டுப் போறதும் அதான், பேய் உலாவுறதும் அதான், வேலைநிறுத்தத்துல எந்திரிச்சு வெளிய வர்றதும்..."

"எனக்கு இப்ப எந்திரிச்சு வெளிய போகணும்னுதான் இருக்கு. நீங்க கதவைத் திறக்கணுமே, வாத்தியாரே!"

கதவு திறந்தது. ஆனால் மடை திறந்த பிறகு கதவு திறந்து என்ன பயன்? இடிந்த கம்பளி ஆலை வந்ததும் மறுபடி நின்றார். அவர் முகத்தில் இருந்த ஆனந்தத்தைப் பார்க்க வேண்டுமே! பிறந்த குழந்தையை ஊருக்குக் காட்டுகிற தகப்பன் தோற்றான்.

"இங்கதான் நெய்த கம்பளியைத் தொட்டியில போட்டுப் புரட்டிப் புரட்டி மிதிப்பாங்க. அப்படி மிதிக்கிறதுக்கும் பேரு வாக்தான். எதுல போட்டு மிதிச்சாங்க தெரியுமா?"

"வேணாம், சொல்லாத" என்றார் வினிஃப்ரெட்.

"புளிச்ச மூத்திரத்துல!"

வினிஃப்ரெட் ஃபிளாஸ்கிலிருந்து அப்போதுதான் ஊற்றியிருந்த தேநீரைப் பார்த்தார். புல்லில் கொட்டினார். டெஸ்மண்ட் அதைக் கவனிக்கவில்லை. ராயின் தோளில் அன்போடு கையைப் போட்டார்.

"மிதிச்சவங்களுக்குப் பேரு வாக்கர். பெருமைப்படுங்க, ராய்! உங்க பரம்பரையே அந்தத் தொட்டியில நின்ன பரம்பரை!"

வரிசை முழுக்கச் சிரித்தது. ராய் சிரிக்கவில்லை.

அதன் பிறகு அலை, பேய், நாய் என்று இன்னும் எத்தனை நிறுத்தமோ! 'கறுப்புக் கிடா'வுக்குள் நுழைந்தபோது புட்டிங்குகள் மிதிபட்ட தொப்பி மாதிரி அமுங்கிக் கிடந்தன. இறைச்சியைச் சைக்கிள்காரர்கள் தின்றுவிட்டுப் போயிருந்தார்கள்.

"நான் என்ன பண்ணட்டும், கண்ணுங்களா? அவங்க நேரத்துக்கு வந்தாங்க" என்றார் கிளெண்டா.

உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டே கை தூக்கினார்கள். தடி ராய்க்குப் போயிற்று. தன் வீட்டு வாசலுக்கே வழி கேட்கிற ராய்க்கு! வினிஃப்ரெட்டின் கைகூட மேஜையை விட்டு எழவில்லை. 'வறுவல்' என்ற சொல்லின் பிறப்பு டெஸ்மண்டின் நாக்கு நுனி வரை வந்தும் அவர் சொல்லவில்லை என்றால் அவருடைய துக்கத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறு ராய் முன்னால். டெஸ்மண்ட் கடைசியில், பேச்சில்லாமல், கதவு சாத்துகிற வேலையில். மேட்டில் ஏறியதும் மூடுபனி இறங்கியது. முன்னால் போகிறவர் முதுகுகூடத் தெரியவில்லை. கற்சுவர் ஓரம் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று விடுதிக்குப் போவது. மற்றொன்றில் போனால் சேறு, இடுப்பு வரைக்கும். ராய் நின்றார். வழக்கம்போல வரிசையும் நின்றது.

"வாத்தியாரே," குரல் பனிக்குள்ளிருந்து தயங்கித் தயங்கி வந்தது, "எந்தப் பக்கம்?"

டெஸ்மண்ட் எல்லோரையும் தாண்டி முன்னால் வந்தார். சங்க வரலாற்றில் தலைவரை ஒருவர் முந்தியது அதுதான் முதல் தடவை.

"இடது பக்கம்."

எல்லோருக்கும் உயிர் வந்தது. அவர் ஓர் அடி எடுத்து வைத்தார். நின்றார். வினிஃப்ரெட் கண்ணை மூடிக்கொண்டார்.

"லெஃப்ட்டுக்கு நம்ம பழைய பாஷையில என்ன அர்த்தம் தெரியுமா?"

குளிர். ஈரம். எங்கோ ஓர் ஆடு மட்டும் 'தெரியாது' என்றது.

வினிஃப்ரெட் ராயின் கையிலிருந்த தடியைப் பிடுங்கி டெஸ்மண்டின் கையில் திணித்தார்.

"சொல்லு, கண்ணு. எல்லாத்தையும் சொல்லு. ஆனா நடந்துக்கிட்டே சொல்லு. நின்னே, மறுபடி கதவு சாத்தத்தான் போகணும்."

டெஸ்மண்ட் திகைத்துப் போனார். நடப்பதன் எண்ணூறு வருஷ வரலாறும் தெரிந்த மனிதருக்கு, நடந்துகொண்டே பேசலாம் என்பது அன்றுவரை தோன்றவே இல்லை! மெல்ல ஓர் அடி வைத்தார். "பலவீனம்னு அர்த்தம்" என்றார். இன்னோர் அடி. வாய் நிற்கவில்லை, காலும் நிற்கவில்லை. பனிக்குள் அந்தக் குரலையே பிடித்துக்கொண்டு எல்லோரும் பின்னால் நடந்தார்கள். 'கறுப்புக் கிடா'வுக்குள் நுழைந்தபோது புட்டிங்குகள் உப்பியது உப்பியபடியே ஆவி பறக்க உட்கார்ந்திருந்தன. தடியை அவரிடமிருந்து யாரும் திரும்பக் கேட்கவில்லை.

சிரிக்கிறீர்கள், இல்லையா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் நாளைக் காலையில் பூங்காவில் கைவீசி வேகமாகப் போகிற சிநேகிதரைத் தோளைத் தொட்டு நிறுத்தி, "வாக்கிங்னா ஆதியில என்ன அர்த்தம் தெரியுமா, சார்?" என்று கேட்கப் போகிறவர் யார்? டெஸ்மண்ட் அல்ல, அவர் இப்போதெல்லாம் நிற்பதில்லை. சிநேகிதர் வீட்டில் இட்லி ஆறிக்கொண்டிருக்கும். அவரைப் போக விடுங்கள்.