பதினொன்றே கால் பஸ்ஸும் ஒரு சேவலும்

நாற்பத்தெட்டாவது வயதில் பொய் சொல்லக் கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தேன். காரணம், ஞாயிறு மாலை விளையாட்டு.

கோவில்பட்டியில் எங்கள் வீட்டில் நாலு பேர் கூடுவோம். நான், மனைவி சுந்தரேஸ்வரி, பக்கத்து வீட்டு ஹக்கீம் பாய், அவர் மனைவி குல்ஷன். ராஜா, ராணி, போலீஸ், திருடன் என்று நாலு சீட்டு. போலீஸ் மட்டும் சீட்டைக் காட்டிவிட்டு, எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கவேண்டும். ராஜாவும் ராணியும் உண்மை சொல்லவேண்டும். திருடன் பொய் சொல்லவேண்டும். பொய்யைப் பிடித்தால் போலீஸ் ஜெயித்தார்.

டிவியை அணைத்துவிட்டு, தெரிந்த முகங்களையே திருட்டு முகங்களாக உற்றுப் பார்ப்பதில் அப்படி ஒரு சுகம். ஆனால் பதினோரு வாரமாக, திருடன் சீட்டு வந்தால் நான் வாயைத் திறக்குமுன் மாட்டிக்கொள்வேன். சீட்டைப் பிரிக்கும்போதே காது சிவந்துவிடுமாம்.

யோசித்து யோசித்து ஒரு ரகசியம் கண்டுபிடித்தேன். அதை முதலில் சனிக்கிழமை வீட்டிலேயே சோதித்தேன். பசுவந்தனையில் சுந்தரேஸ்வரிக்கு வந்த நிலத்தில் உளுந்து விதைத்தாயிற்றா என்று பார்த்துவரச் சொன்னாள். நான் ஹாக்கி அரையிறுதி பார்க்கப் போய்விட்டேன். அடுத்த சனிக்கிழமை இறுதிப்போட்டி. அதற்கும் போயாகவேண்டும்.

"விதைச்சாச்சா?"

"ஆச்சு. பதினொண்ணே கால் பஸ்ல போனேன். பக்கத்து சீட்டுல மணிராஜ். மடியில ஒரு சேவல். ஒத்தக் கண்ணை மூடிக்கிட்டே வந்துச்சு."

"பாவம்" என்றாள். நம்பிவிட்டாள்!

ஞாயிற்றுக்கிழமை எனக்குத் திருடன். அவள் போலீஸ்.

"கடைசியா எப்ப மழையில நனைஞ்சீங்க?"

"போன வாரம்" என்றார் ஹக்கீம் பாய்.

"முந்தாநேத்து. மாடியில துணி எடுக்க ஓடுனேன்" என்றார் குல்ஷன்.

"செவ்வாய்க்கிழமை, நாலே கால் மணி, பஸ் ஸ்டாண்ட்" என்றேன் நான். "கூட இசக்கியப்பன். அவன் குடையில ஒரு கம்பி ஒடிஞ்சிருந்துச்சு."

சுந்தரேஸ்வரி என் காதைப் பார்த்தாள். பிறகு, "பாய்தான் திருடன்" என்றாள்.

நான் சீட்டை வீசி எறிந்து குதித்தேன்.

"எப்படி அண்ணாச்சி?" என்று குல்ஷன் வியந்தார்.

வித்தையை மறைக்கலாமா? "உண்மை சொல்லுதவன் சுருக்கமா சொல்லுவான் மைனி. பொய் சொல்லணும்னா நேரம், ஆள், பேர் எல்லாம் சேக்கணும். குடைக்கம்பி வரைக்கும் சொல்லிட்டா எவனும் சந்தேகப்பட மாட்டான்."

"அப்படியா?" என்றாள் சுந்தரேஸ்வரி மெதுவாக. "அந்தச் சேவல் எந்தக் கண்ணை மூடிச்சு?"

என் காது சுட்டது.

"நேத்துப் பசுவந்தனையில நல்ல மழை. கரிசல்ல இறங்குனா ஒரு செருப்பு ரெண்டு கிலோ ஆகும். உங்க செருப்புல ஒரு பொட்டு மண்ணு இல்ல. உங்க வாயாலயே வரட்டும்னுதான் தோத்தேன்."

ஹக்கீம் பாய் எழுந்து நழுவப் பார்த்தார்.

"பாய், இருங்க. நேத்து ஊரே ஹாக்கி அரையிறுதிக்குத்தான் போச்சு. இவருகூடப் போனது நீங்கதானே?"

அடுத்த சனிக்கிழமை நானும் பாயும் பசுவந்தனைக் கரிசலில், குச்சியால் செருப்பைச் சுரண்டிக்கொண்டு நின்றோம். மைதானத்தில் எங்கள் மனைவிமார் இருந்தார்கள். ஐந்து மணிக்குப் போன் வந்தது.

"நம்ம ஊருதான் ஜெயிச்சுது. அம்பத்தெட்டாவது நிமிஷம். இடது பக்கமா வந்த பந்து. கோல் போட்டவன் காலுறையில ஒரு ஓட்டை" என்றாள் சுந்தரேஸ்வரி.

ஜெயித்தோமா இல்லையா என்று காலைப் பேப்பர் வந்தால்தான் எனக்குத் தெரியும்.