சமத்துவம் வெட்டிய தக்காளிச் செடிகள்

மூன்றாவது தக்காளிச் செடியையும் வெட்டி முடித்த பிறகுதான், தான் வெட்டியது செடியின் தலையை என்பது சமத்துவத்துக்கு உறைத்தது.

சமத்துவம் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. தெரு வைத்த பெயர். முப்பது வருடமாக முடி வெட்டுகிறவர். இடது கிருதா வலது கிருதாவை விட ஒரு நூல் நீளம் என்றால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. இதைச் சரிசெய்ய அதைக் குறைப்பார். அதைச் சரிசெய்ய இதைக் குறைப்பார். "லேசா வெட்டுங்க போதும்" என்று வந்து உட்கார்ந்தவர்கள், தலையைத் தடவித் தேடிக்கொண்டே எழுந்து போவார்கள். அவரோ பின்பக்கம் கண்ணாடியைப் பிடித்து, "சமமா இருக்குல்ல?" என்று கேட்பார். சமமாகத்தான் இருக்கும்.

அப்பேர்ப்பட்டவரிடம் மொட்டை மாடியில் நான்கு தக்காளித் தொட்டிகளை ஒப்படைத்துவிட்டு, மனைவி மகளின் பிரசவத்துக்கு இரண்டு மாதம் போயிருந்தாள். சும்மா ஒப்படைக்கவில்லை. கடை இருக்கிற கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். வீட்டு முன்னறையில் நாற்காலியைப் போட்டுத் தொழிலைத் தொடரலாம் என்பது இவர் எண்ணம். வீடெல்லாம் முடி பறக்கும் என்பது அவள் கட்சி. ஆறு மாதம் இழுத்த வழக்குக்கு, கிளம்புகிற அன்று காலையில் தீர்ப்புச் சொன்னாள்.

"என் ரோஜாவை மொட்டையடிச்சீங்க. செம்பருத்திக்குக் கிராப் வெட்டினீங்க. இந்த நாலு செடியில, நான் வரும்போது ஒரே ஒரு பழம் பழுத்திருக்கட்டும். முன்னறை உங்களுக்கு. இல்லைன்னா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"ஒண்ணு போதுமா?"

"ஒண்ணு பழுக்கட்டும், பார்ப்போம்" என்றாள் அவள், செடிகளைப் பார்க்காமல் பெட்டியின் பூட்டை ஆராய்ந்தபடி. "பக்கத்துல வர்ற கிளையை மட்டும் கிள்ளுங்க. தலையைத் தொடாதீங்க."

இப்போது மூன்று தலை போய்விட்டது. நான்காவது மட்டும் ஒரு சாண் உயரமாக நின்றது. அதையாவது விட்டுவைப்போம் என்று கத்திரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். ஐந்தாவது படியில் நின்றார். மூன்று குட்டை, ஒரு நெட்டை. மனம் கேட்கவில்லை. திரும்பி ஏறினார்.

அன்று மாலையே மனைவியிடமிருந்து போன்.

"தலையைத் தொடலையே?"

"சேச்சே."

"இலைக்கும் தண்டுக்கும் நடுவுல, அக்குள் மாதிரி இருக்குல்ல, அதுல புதுசா ஒண்ணு முளைக்கும். அதைத்தான் எடுக்கணும்."

"அக்குள்ல முளைச்சதை எடுக்கணும், அவ்வளவுதானே. அதை என்கிட்டயா சொல்ற?"

"அப்படியே ஒரு போட்டோ அனுப்புங்க. பேத்திக்குக் காட்டணும்."

பேத்தி பிறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. இருந்தாலும் கேட்டாகிவிட்டது. சமத்துவம் குப்பைக் கூடையிலிருந்து நான்கு தலைகளையும் பொறுக்கி எடுத்து, சவரக் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியால் ஒட்டிவைத்துப் படம் எடுத்தார். விக் வைத்த மாதிரிதான் இருந்தது. எடுத்து முடிப்பதற்குள் நான்கும் வாடிச் சாய்ந்துவிட்டன.

"ஏங்க எல்லாம் தலையைத் தொங்கப் போட்டிருக்கு?"

"நீ ஊர்ல இல்லைன்னு வருத்தமா இருக்கும்."

அதற்கு மேல் அவள் படம் கேட்கவில்லை. அவ்வளவு சுலபமாக விட்டுவிட்டாளே என்று அவருக்கே ஆச்சரியம்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் மாடி ஏறினார். அக்குளில் எது தலைகாட்டினாலும் எடுத்தார். மண்ணைத் தொட்ட இலைகள் தாடி மாதிரி தெரிந்ததால் அவற்றையும் எடுத்தார். முதல் செடியில் இடப்பக்கம் ஓர் இலை கூடுதலாகப் போயிற்று. வலப்பக்கம் ஒன்றை எடுத்துச் சமன் செய்தார். அதைப் பார்த்து இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதில் கை தவறிப் போனதற்கு நான்காவது பழி ஏற்றது. பத்து நாளில் நான்கு குச்சிகளும், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பூங்கொத்துகளும், வெயில் படாமல் இருக்க நாலைந்து இலைகளும் மட்டுமே மிஞ்சின.

ஒவ்வொரு முறை வெட்டி முடித்ததும் கை தானாக, கழுத்துத் தட்டுகிற பிரஷை எடுத்துக்கொள்ளும். வாடிக்கையாளர் கழுத்தில் ஒட்டிய முடியைத் தட்டுவதுபோல் பூக்களையெல்லாம் மெல்லத் தட்டிவிடுவார். பிறகு தலை நனைக்கிற பம்ப்பை எடுத்துத் தண்ணீர் தெளிப்பார். பிறகு செடிக்குப் பின்னால் கண்ணாடியைக் காட்டுவார்.

ஒருநாள் அப்படிக் காட்டிக்கொண்டிருந்தபோது கீழ் வீட்டு எலக்ட்ரீஷியன் மாடிக்கு வந்துவிட்டான்.

"என்னண்ணே, அதுக்குப் பிடிச்சிருக்காமா?"

"பின்பக்கம் இலை ஒண்ணு துருத்திக்கிட்டு இருந்துச்சு. பார்த்தேன்."

எலக்ட்ரீஷியன் குச்சிகளைச் சுற்றி வந்தான். சிரிக்க வந்தவன், குனிந்து பார்த்ததும் நிறுத்திவிட்டான். பிரஷ் பட்ட பூக்கள் இருந்த இடத்திலெல்லாம் மிளகு அளவில் பச்சையாக ஏதோ இருந்தது.

"பிஞ்சாண்ணே இது?"

சமத்துவம் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு அவரும் குனிந்தார். பிஞ்சுதான். எண்ணிப் பார்த்தார். முப்பத்தொன்று.

"எப்படிண்ணே வெட்டுனீங்க?"

"எல்லாம் ஒரு அளவுதான்" என்றார் சமத்துவம். எந்த அளவு என்று அவருக்கே தெரியாது. தலை போன செடிக்கு மேலே போக வழியில்லை. பக்கத்தில் போக அவர் விடவில்லை. அதற்குக் காய்ப்பதைத் தவிர வேறு வேலை எதுவும் பாக்கி இல்லை.

"வெட்டாமலே விட்டா என்ன ஆகும்ணே?" என்று கேட்டான் எலக்ட்ரீஷியன், எங்கோ பார்த்தபடி.

"முடி வெட்டாம விட்டா என்ன ஆகும்? அதேதான். உன் பால்கனி ஏன் இப்பல்லாம் எப்பவும் திரை போட்டே இருக்கு?"

"தூசிண்ணே" என்று சொல்லிவிட்டு அவன் இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனான்.

பிஞ்சு நெல்லிக்காய் ஆயிற்று. நெல்லிக்காய் எலுமிச்சை ஆயிற்று. குச்சிகள் பாரம் தாங்காமல் சாய்ந்தபோது, கடையிலிருந்த பழைய துண்டுகளைக் கிழித்துக் கம்பில் கட்டினார். நான்கும் கழுத்தில் துண்டு போட்டுக்கொண்டு முறைக்குக் காத்திருக்கிற வாடிக்கையாளர்கள் மாதிரி வரிசையாக நின்றன. கடைக்கு வருகிறவர்களெல்லாம் வீட்டுக்கும் வந்து மாடி ஏறிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பார்த்துவிட்டு வந்த ஒருவர், வாழ்க்கையில் முதல்முறையாக, "நல்லா ஒட்ட வெட்டுங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

மனைவி வந்து இறங்கிய அன்று காபியைக் கூடக் குடிக்க விடாமல் அவளை மாடிக்கு அழைத்துப் போனார் சமத்துவம். பின்னாலேயே எலக்ட்ரீஷியனும் வந்து கதவோரம் ஒதுங்கி நின்றான்.

நான்கு குச்சிகள். முப்பத்தொரு தக்காளி. இருபது நன்றாகச் சிவந்திருந்தன. மீதி சிவக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் நெடுநேரம் பார்த்தாள். ஒரு பழத்தைத் தொட்டு, நிஜம்தானா என்று அழுத்தினாள். நூல் போட்டுக் கட்டியிருக்கிறதோ என்று காம்பைத் திருப்பினாள். காம்பு காம்பாகத்தான் இருந்தது.

"தலை எங்கங்க?"

"நீ கேட்டது பழம்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தோற்றவள் முகமாக மட்டும் இல்லை அது. பாதி சிரிப்பும் இருந்தது. "சரி. நாற்காலியை ஜன்னல் பக்கம் போடுங்க. ஒரு முடி உள்ள பறந்து வரக் கூடாது."

முப்பது வருடத்தில் எவர் தலையிலும் கிடைக்காத நிறைவோடு சமத்துவம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இத்தனை நல்ல செடியை நம்பி என்கிட்ட விட்டுட்டுப் போனியே, அதுக்கே உனக்கு முதல் பழம்" என்று ஒன்றைப் பறித்து நீட்டினார்.

அவள் அதை வாங்கவில்லை. எலக்ட்ரீஷியனைப் பார்த்து வேண்டாம் என்று லேசாகத் தலையாட்டினாள். அவனுக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"குப்பையில போட வெச்சிருந்த நோஞ்சான் நாலைத்தாண்ணே அக்கா உங்ககிட்ட விட்டுட்டுப் போனாங்க, உங்க கத்திரிக்கோலுக்குப் பயந்து எங்க பால்கனியில ஒளிச்சு வெச்ச நல்ல செடி நாலும் ஒரு பிஞ்சு கூட பிடிக்காம கூரையை முட்டிக்கிட்டு நிக்குது, கொஞ்சம் வந்து வெட்டி விடுறீங்களா?"