எட்டாவது தாளம்

கோலார் தங்கவயலில் தும்மலைக்கூட எட்டு எண்ணி முடித்த பிறகே வெளியே விட்ட மனிதர் எட்டு மேஸ்திரி ஒருவர்தான். பாலகாட் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்ற கூண்டுக்கு மணி அடிப்பது அவர் வேலை. நான் பக்கத்து டைம் ஆபீஸில் குமாஸ்தா.

துரைமார் கிளப்பில் ஆடும் வரிசை ஆட்டத்தைக் கிறிஸ்துமஸுக்கு ஆட எங்கள் சபைக் குடும்பங்களும் ஆசைப்பட்டன. ஆண்கள் ஒரு வரிசை, எதிரே பெண்கள் ஒரு வரிசை. எட்டுத் தாளத்துக்கு முன்னே வந்து போவது, எட்டுத் தாளத்துக்கு ஜோடியோடு சுற்றுவது, பிறகு ஓரிடம் தள்ளி அடுத்த ஜோடியைச் சந்திப்பது. கையோடு கை படக்கூடாது என்று சபைப் பெரியவர்கள் சொல்லிவிட்டதால், ஆளுக்கொரு நுனியாகக் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டுதான் சுற்றல்.

கற்றுக்கொடுத்தவர் மேஸ்திரி. கிளப் ஜன்னலுக்கு வெளியே நின்றே முழு ஆட்டத்தையும் எண்ணிவிட்டு வந்தவர். சபை ஹாலில் ஒரு மணியைக் கட்டினார். இரண்டு அடித்தால் வரிசை முன்னே வரும், மூன்றுக்குச் சுற்றல், ஒன்றுக்கு நிற்க வேண்டும். தினமும் மணிக் குறிப்புக்கே ஏறி இறங்கும் சுரங்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஒற்றை மணிக்கு, வாயில் போட்ட பணியாரம்கூட அப்படியே நின்றது.

"துணி தொங்கவும் கூடாது, இழுக்கவும் கூடாது. கேஜ் கயிறு மாதிரி நிக்கணும்" என்பார். ஒருநாள் பருமனான ஃபிட்டர் ஒருவர் ஒன்பதாவது தாளத்தில் ஜோடியிடம் வந்து சேர்ந்தார். ஒற்றை மணி விழுந்தது.

"கேஜ் போயிடுச்சுங்க. அடுத்த கேஜுக்கு வாங்க."

அடுத்த கேஜ் வர இருபது நிமிஷம் ஆகும் என்று இருபது நிமிஷமும் அவரைச் சுவரோரம் நிற்க வைத்தார்.

மூன்று கிறிஸ்துமஸ் இப்படியே போயின. மேஸ்திரியின் மனைவி ஞானம்மா மட்டும் மூன்று வருஷமும் பெஞ்சில் உட்கார்ந்து காலால் தாளம் போட்டார். மேஸ்திரி மணியை விட்டு நகர மாட்டார். ஞானம்மா வேறு ஆளோடு ஆட மாட்டார். "ஊரையே எறக்கி ஏத்துற மனுசன், என்னை ஒரு தபா சுத்த மாட்டேங்கிறாரே" என்று என் மனைவியிடம் சொன்னாராம். மேஸ்திரியோ ஆட்டம் முடியும்வரை அந்தப் பெஞ்சுப் பக்கம் திரும்பவே மாட்டார். பார்த்தால் எண்ணிக்கை தவறிவிடும் என்று என்னிடம் ஒருமுறை ஒப்புக்கொண்டார்.

நான்காம் வருஷம் மேஸ்திரியிடம் மணிக்கயிற்றை நான் கேட்டேன். என் கடிகாரத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒம்பதுல அடிச்சிட மாட்டீங்களே?"

"டைம் ஆபீஸ்காரன்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றார். "இன்னா, வரியா?"

"மணி ஒடஞ்சிடுச்சா இன்னா?" என்றபடியே ஞானம்மா எழுந்தார்.

மூன்று அடித்தேன். சுற்றினார்கள். துணி தொங்கவில்லை, இழுக்கவுமில்லை. எட்டு வந்தது. என் கை இறங்கவில்லை. ஒன்பது, பத்து. பிடில் வாசித்தவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வாசித்துக்கொண்டே இருந்தார். கைக்குட்டை எப்போது தரையில் விழுந்தது என்று தெரியவில்லை. சபைப் பெரியவர்கள் அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடினார்கள். பதினாறில் மணி அடித்தேன்.

ஒன்பதை ஒருநாளும் மன்னிக்காதவர், கயிற்றைத் திரும்ப வாங்கியபோது என் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. அன்றிரவு என் டைரியில் அந்தச் சுற்றலை எட்டுத் தாளம் என்றே எழுதினேன்.

இப்போது அவரும் இல்லை, ஞானம்மாவும் இல்லை. அந்தப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: பதினாறோடு ஏன் நிறுத்தினேன்?