பஞ்சகவ்யம் கலக்கும் கை

என் மனைவி தமிழ்ச்செல்வியை ஊருக்குப் போகவிடக் கூடாது என்று முடிவெடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து நானாக எடுத்த முதல் முடிவு. அவளைக் கேட்காமல் எடுத்ததால் கொஞ்சம் படபடப்பாகத்தான் இருந்தது.

பெங்களூரில் எங்கள் மகள் கலைப்பிரியாவுக்குப் பிரசவ லீவு முடிகிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா போகிறாள். ஒரு வருஷமாகலாம், இரண்டாகலாம். ஒற்றை அறை வீடு, அதில் அப்பாவுக்கு இடமில்லை. யாரும் சொல்லவில்லை, நானே புரிந்துகொண்டேன். எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். தனியாக இருக்கத் தெரியாது.

அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். அதனால் பஞ்சகவ்யம் தயாரித்தேன்.

கோலியனூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் செல்வியின் தோட்டம் இருக்கிறது. கத்தரி, புடலை, அவரை. என்னிடம் பேசுவதைவிட அவற்றிடம் மரியாதையாகப் பேசுவாள். அவற்றைக் காட்டித்தான் அவளை நிறுத்த வேண்டும். பக்கத்து வீட்டு சின்னபொண்ணுவிடம் சாணமும் கோமியமும் வாங்கினேன். சாணத்தில் நெய்யைப் பிசைந்து ஊறவிட்டு, கோமியம், பால், தயிர், வெல்லம், வாழைப்பழம் எல்லாவற்றையும் நீல டிரம்மில் கொட்டினேன்.

செல்வி வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது? பருப்புல ஒரு ஸ்பூன் நெய் வுட்டா கொலஸ்ட்ராலுன்னு கத்துவீங்க. சாணிக்கு இத்தினி நெய்யா?"

"சாணிக்குக் கொலஸ்ட்ரால் வராது. எல்லாம் உன் செடிக்குத்தான் செல்வி. காலையில, சாயந்தரம் ரெண்டு வேளையும் கலக்கணும். ஒருநாள் வுட்டாலும் புழு வெச்சிடும்."

"நான் போய்ட்டா சின்னபொண்ணு கலக்கும்."

இதற்குத்தான் காத்திருந்தேன். "ஊஹூம். ஆரம்பிச்ச கைதான் கடைசி வரைக்கும் கலக்கணும். கை மாறினா மொத்தமும் கெட்டுடும்."

உலகத்தில் எந்த விவசாயியும் கேள்விப்படாத விதி. அந்த நிமிஷம்தான் பிறந்தது.

"அப்படியா!" கண்ணை அகல விரித்தாள். "எனக்குக் கலக்கத் தெரியாதே. ஒரு சுத்து சுத்திக் காட்டுங்க."

டிரம்மில் சாய்த்து வைத்திருந்த கழியை எடுத்தேன். வலப்பக்கம் சுற்றினேன், இடப்பக்கம் சுற்றினேன். விளக்கமும் சொன்னேன்.

"போதுங்க. ஆரம்பிச்சிட்டீங்க இல்ல? இனிமே நீங்கதான் கலக்கணும்."

கழி என் கையிலேயே நின்றது. அவள் கூடவே போய் மகள் வீட்டுப் பால்கனியில் படுத்துக்கொள்ளலாம் என்று ரகசியமாக ஒரு திட்டம் வைத்திருந்தேன். அதுவும் டிரம்மில் முழுகிப்போனது.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். என்னையே பார்த்தாள்.

"ஏதாவது சொல்லணுமா?"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "டிரம்ம துணியால மூடணுமா, மூடி போடணுமா?"

"துணி," என்றாள். பஸ் கிளம்பிவிட்டது.

பஞ்சகவ்யம் அருமையாக வந்தது. தண்ணீரில் கலந்து ஊற்றினேன், புடலை சரம் சரமாகக் காய்த்தது. பறித்து வைத்தால் சமைக்க ஆளில்லை. ஒருநாள் கலக்கிக்கொண்டே அழுதுவிட்டேன். கோமிய நெடி கண்ணில் ஏறிவிட்டது என்று சின்னபொண்ணுவிடம் சொல்லிச் சமாளித்தேன்.

அன்றைக்கே செல்விக்குப் போன் போட்டேன்.

"செல்வி, கை மாறினா கெட்டுடும்னு சொன்னது பொய்."

"தெரியும். எங்க அம்மா வூட்ல ஆளுக்கொரு வேளை கலக்குவோம்."

"தெரிஞ்சுமா என்னை மாட்டிவுட்டுட்டுப் போன?"

"பிரியா கொழந்தைக்கு ஆள் வெச்சிக்கறேன்னுதான் சொல்லிச்சு. நீங்க 'போவாத'ன்னு ஒரு வார்த்தை சொன்னா எறங்கிடலாம்னு பஸ்ஸு நகர்ற வரைக்கும் பாத்துக்கினு இருந்தேன்."

"இப்ப சொல்றேன் செல்வி. வந்துடு."

மெதுவாகச் சொன்னாள்.

"இப்ப எப்படிங்க? கொழந்தை முந்தானையப் புடிச்சிக்கினு வுடமாட்டேங்குது. அதுக்கு இன்னும் பேச்சுகூட வரல."